தொலைவிலிருந்து ஆர்லாண்டோ செல்பவர்களுக்கு டிஸ்னி ஆண்டு பாஸ் கட்டுப்படியாகுமா?

நியூ ஜெர்சியில் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஒருமுறை போய்வந்தவர்கள் அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். நான்கு பூங்காக்களுக்கும் ஒவ்வொரு முறையும் இவ்வளவு பணம் கொடுத்து டிக்கெட் வாங்குவதைவிட, ஆண்டு பாஸ் வாங்கிவிட்டு விருப்பம்போல் போய்வரலாமே? டாலஸ், சிகாகோ, டொரன்டோ என எங்கிருந்து விமானம் ஏறுபவர்களும் கேட்பது இதையேதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டாம். சில குடும்பங்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் வாங்கினால் நல்ல பலன் உண்டு. வீட்டில் உள்ள எல்லாருக்கும் வாங்குவது மிகச் சிலருக்கே பொருந்தும். பாஸையும் டிக்கெட்டையும் மட்டும் எதிரெதிரே நிறுத்திக் கணக்குப் போட்டால் பாதிப் படம்தான் தெரியும். தொலைவில் இருப்பவர்களின் கணக்கில் டிக்கெட்டைவிடப் பெரிய செலவு பயணமே. அதை வெளியே வைத்துவிட்டுப் போடும் கணக்கு பாஸுக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும்.

வெளிமாநிலத்தவருக்கு இருப்பது ஒரே பாஸ்

டிஸ்னி வேர்ல்டு இப்போது நான்கு வகைப் பாஸ்களை விற்கிறது. இந்த வரிசை 2021 செப்டம்பரில் வந்தது. பிக்ஸி டஸ்ட், பைரேட் ஆகிய இரண்டும் ஃபுளோரிடாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. சார்சரர் பாஸ் ஃபுளோரிடாவாசிகளுக்கும், டிஸ்னியின் விடுமுறைக் குடியிருப்புத் திட்டத்தில் தகுதியுள்ள உறுப்பினர்களுக்கும் கிடைக்கும். மற்ற எல்லாருக்கும் எஞ்சுவது இன்கிரெடி-பாஸ் ஒன்றுதான். 'என் நண்பர் 399 டாலருக்கு வாங்கினாராமே' என்று யாராவது சொன்னால், அந்த நண்பர் டாம்பாவிலோ ஜாக்சன்வில்லிலோ இருக்கிறார் என்று பொருள்; அது பிக்ஸி டஸ்டின் 2021 விலை. ஃபுளோரிடா முகவரிக்கு அடையாளச் சான்று காட்ட வேண்டும். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்கிரெடி-பாஸின் விலை 2021-இல் 1,299 டாலர். 2022 டிசம்பரில் 1,399 ஆனது. 2024 அக்டோபரில் 1,549. 2025 அக்டோபரில் 1,629. இதற்கு மேல் 6.5 விழுக்காடு வரி. ஆக ஒருவருக்கு ஏறத்தாழ 1,735 டாலர். நான்கு பேருக்கு 6,940 டாலர்.

இந்த இடத்தில் பலர் கவனிக்கத் தவறும் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, பாஸில் சிறுவர் விலை கிடையாது. சாதாரண டிக்கெட்டில் 3 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சற்றுக் குறைவான விலை உண்டு. பாஸில் நான்கு வயதுக் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே தொகை. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை. இரண்டு பயணங்களில் முதலாவது அந்தப் பிறந்தநாளுக்கு முன் வருகிறது என்றால், அந்தக் குழந்தைக்குப் பாஸ் வாங்குவது வீண் செலவு. இரண்டாவது செய்தி, மாதத் தவணையில் கட்டும் வசதி ஃபுளோரிடாவாசிகளுக்கு மட்டுமே. நாம் முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும், அதுவும் திரும்பக் கிடைக்காத தொகையாக.

பாஸில் என்னவெல்லாம் கிடைக்கின்றன? தடை நாட்கள் இல்லாமல் ஆண்டு முழுவதும் நுழைவு. ஒரே நாளில் ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பார்க் ஹாப்பர் வசதி. பூங்காக்களில் சாதாரண பார்க்கிங் இலவசம். கடைப் பொருட்களில் 20 விழுக்காடு வரை தள்ளுபடி. சில உணவகங்களிலும் தள்ளுபடி உண்டு. சில மாதங்களில், சில டிஸ்னி ஓட்டல்களில் அறை வாடகைச் சலுகையும் வரும்.

எண்கள் சொல்வது

டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு விலை, செப்டம்பரில் இன்னொரு விலை. எனவே கீழே வருபவை கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட தோராயமான எண்கள். உங்கள் தேதிகளுக்கான விலையை இட்டு நிரப்பிப் பாருங்கள்.

ஐந்து நாள் டிக்கெட், பார்க் ஹாப்பருடன் ஒருவருக்கு 750 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்குள் இப்படி இரண்டு பயணம் என்றால் 1,500. பாஸோ 1,629. அதாவது ஆண்டுக்கு இரண்டு முறை, பத்து நாட்கள் பூங்காவில் கழித்த பிறகும் ஒருவருக்கு 129 டாலர் கூடுதலாகவே கொடுத்திருப்போம். நான்கு பேருக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் நட்டம். ஹாப்பர் இல்லாமல் நாளுக்கு ஒரே பூங்கா என்று போகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் விரியும்: ஐந்து நாளுக்கு 650 என்றால் இரண்டு பயணத்துக்கு 1,300, பாஸ் வாங்கினால் தலைக்கு 329 டாலர் அதிகம். எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஹாப்பர் தேவைப்படுவதே இல்லை என்பது என் கருத்து. காலை முழுதும் மேஜிக் கிங்டமில் அலைந்த குழந்தையை மாலையில் எப்காட்டுக்கு இழுத்துப் போவதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை.

பாஸ் எப்போது முந்துகிறது? ஹாப்பருடன் ஏழு நாள் டிக்கெட் 850 டாலர் என்றால் இரண்டு பயணத்துக்கு 1,700. இங்கேதான் பாஸ் முதன்முறையாக மலிவாகிறது, அதுவும் தலைக்கு 71 டாலர் மட்டுமே. ஓர் ஆண்டுக்குள் முழுதாக இரண்டு வாரங்கள் பூங்காவுக்குள் செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கே நான்கு பாஸ் வாங்குவது நியாயமாகும் என்று சொல்வது இதனால்தான். நான்கு நாள் பயணம் மூன்று முறை என்றாலும் பாஸ் முந்தும். ஆனால் அந்த மூன்றாவது பயணத்துக்கு விமான டிக்கெட், ஓட்டல், வாடகை கார், வெளியில் சாப்பாடு எல்லாம் புதிதாகச் செலவழிக்க வேண்டும்.

பாஸ் கையில் இருக்கும்போது பயணம் இலவசம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'டிக்கெட் செலவுதான் இல்லையே, மார்ச் மாதம் ஒரு நீண்ட வார இறுதியில் போய்வந்தால் என்ன' என்று பேச்சு எழும். நான்கு பேர் நெவார்க்கிலிருந்து பறந்து, மூன்று இரவு தங்கி, கார் எடுத்து, திரும்பும்போது அந்த வார இறுதிக்கு இரண்டாயிரம் டாலர் ஆகிவிட்டிருக்கும். அதில் பாஸால் மிச்சமானது டிக்கெட் தொகை மட்டும். அந்தப் பயணமே பாஸ் இல்லாவிட்டால் நடந்திருக்காது. ஃபுளோரிடாக்காரருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர் வேலை முடிந்து மாலையில் வந்து வாணவேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பாஸ் என்ற ஏற்பாடே அவரை மனத்தில் வைத்து வந்தது. முன்பு டிஸ்னி ஓட்டல்களில் தங்குபவர்களை விமான நிலையத்திலிருந்து இலவசமாக அழைத்துச் சென்ற மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு கூடுதல் பயணத்துக்கும் அந்த முப்பது கிலோமீட்டருக்கான செலவும் சேர்கிறது.

ஒரே ஒருவருக்குப் பாஸ்

நான் அதிகம் பரிந்துரைக்கும் வழி இது. நம்மவர்களில் பலர் பூங்காவுக்கு வெளியே கிசிம்மி பக்கம் சமையலறையுள்ள வாடகை வீடு எடுத்து, கார் வைத்துக்கொண்டு போகிறார்கள். காலையில் இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், இரவில் தயிர்சாதத்துக்குத் திரும்பலாம். இரண்டு குடும்பம் சேர்ந்தால் வாடகையும் பாதியாகும். இப்படிப் போகிறவர்களுக்குப் பூங்கா பார்க்கிங் ஒரு நாளுக்குக் குறைந்தது 30 டாலர்.

இங்கே ஒரு பெரியவருக்கு மட்டும் பாஸ், மற்ற மூவருக்கும் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஐந்து நாள் ஹாப்பர் கணக்கில் அந்த ஒருவருக்கு 129 டாலர், வரியோடு சுமார் 137 டாலர் கூடுதல் செலவு. பத்து நாள் பார்க்கிங் மிச்சம் 300. வாங்கும் சட்டை, பொம்மை, பரிசுப் பொருட்களுக்கெல்லாம் அந்த ஒரு பாஸைக் காட்டியே தள்ளுபடி பெறலாம். டிஸ்னி ஓட்டலில் பாஸ்தாரர் சலுகை விலை இருந்தால், அறைக்கு ஒரு பாஸ்தாரர் போதும். ஆக ஒரு பாஸ் 150 டாலருக்கு மேல் லாபம் தருகிறது. அதே குடும்பம் நான்கு பாஸ் வாங்கியிருந்தால், மற்ற மூன்று பாஸ்களின் கூடுதல் செலவு அந்த லாபத்தை விழுங்கிவிட்டு மேலும் இருநூறு டாலருக்கு மேல் கையிலிருந்து எடுத்திருக்கும்.

ஆனால் டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்குப் பூங்கா பார்க்கிங் ஏற்கெனவே இலவசம். ஓட்டலைப் பொறுத்து பஸ், மோனோரயில் அல்லது ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் வாசலிலிருந்தே கிளம்பும். அவர்களுக்கு இந்த ஒற்றைப் பாஸ் உபாயத்தில் பாதி பலன் போய்விடும். அறைச் சலுகை கிடைத்தால்தான் ஏதாவது மிஞ்சும். ஹாப்பர் வேண்டாதவர்களுக்கும் இதே நிலைதான்: 329 டாலர் கூடுதல் செலவைப் பார்க்கிங் மிச்சம் முழுதாக ஈடுகட்டாது.

இரண்டு விடுமுறை, ஓர் ஆண்டு

பாஸின் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதில்லை. அதைச் செயல்படுத்திய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தொலைவிலிருந்து வருபவர்கள் பாஸைப் பயன்படுத்துவதென்றால், இதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

நியூ ஜெர்சிப் பள்ளிகள் ஜூன் மூன்றாம் வாரத்தை ஒட்டி மூடி, செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கின்றன. இந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு பயணம். அடுத்த ஆண்டு ஜூன் கடைசி வாரம் இன்னொன்று. இரண்டு கோடை விடுமுறையும் ஒரே பாஸுக்குள் அடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில் போகிற வழக்கமுள்ளவர்கள், இரண்டாம் ஆண்டுப் பயணத்தை ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினாலே போதும். அந்த ஒரு வார நகர்த்தலைச் செய்ய முடியாதவர்களுக்குப் பாஸ் என்பது ஒரே பயணத்துக்கு 1,629 டாலர் டிக்கெட்தான். அலுவலகத்தில் விடுப்பு எப்போது கிடைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாதவர்கள் இந்தக் கணக்கை நம்பி இறங்கக் கூடாது.

எங்கள் மாநிலத்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. நவம்பர் முதல் பகுதியில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக நியூ ஜெர்சிப் பள்ளிகளுக்கு வியாழன், வெள்ளி விடுமுறை வரும். அந்த வாரத்தில் ஆர்லாண்டோவில் எங்கு திரும்பினாலும் நம் ஊர்க்காரர்களே தென்படுவார்கள். அங்கே அதற்கு ஜெர்சி வாரம் என்றே பெயர். வெயில் தணிந்து காற்று இதமாகிவிடும் காலம். நவம்பரில் தொடங்கிய பாஸை அடுத்த கோடையில் மீண்டும் பயன்படுத்தலாம். அடுத்த ஜெர்சி வாரத்துக்கு நம்பி வைத்திருக்காதீர்கள். அது பாஸ் முடியும் விளிம்பில் வந்து நிற்கும்.

பருவம் மாறினால் பூங்காவும் மாறுகிறது என்பது பாஸுக்கு ஆதரவாக நான் மனமார ஏற்கும் வாதம். எப்காட்டில் குளிர்காலத்தில் கலை விழா, வசந்தத்தில் மலர் விழா, கோடைக் கடைசியிலிருந்து உணவு விழா. மலர் விழாவில் செடிகளை வெட்டி வடிவமைத்திருக்கும் உருவங்களுக்கு நடுவே நடப்பது, எந்த ரோலர் கோஸ்டரையும்விட எனக்குப் பிடித்த அனுபவம். அதே பூங்காவை ஆகஸ்டில் மட்டுமே பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். வெயிலும் பிற்பகல் இடிமழையும் சேர்ந்து அந்த மாதத்தில் ஆளைச் சோர்த்துவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதையும் மறக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் இயன் புயலுக்கும், 2024 அக்டோபரில் மில்ட்டன் புயலுக்கும் பூங்காக்கள் மூடப்பட்டன. அருகில் இருப்பவர் மறுவாரம் போய்க்கொள்வார். நாம் முழுப் பயணத்தையும் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அப்படித் தள்ளும் தேதி பாஸின் ஆண்டுக்குள் விழ வேண்டும். ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத சாதாரண டிக்கெட் என்றால், அதற்குக் கொடுத்த தொகையைப் பின்னர் வேறு தேதி டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம்.

நீளமான ஒரே பயணம்

பாஸ் வாங்கலாமா என்று யோசிக்கும் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது அவசரமில்லாத பூங்கா நாட்கள். காலை எட்டு மணிக்கு வாசலில் நின்று, இரவு பத்து மணி வரை 'கொடுத்த காசுக்கு' ஓடித் தீர்க்காமல், மூன்று மணி நேரம் இருந்துவிட்டு அறைக்குத் திரும்பித் தூங்கி, மாலையில் மீண்டும் போவது. பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இப்படிப் போனால்தான் அந்த இடம் இனிக்கும். பாஸின் உண்மையான சுகம் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது, இதை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன்.

ஆனால் இந்த நிதானத்தைப் பாஸ் இல்லாமலும் வாங்க முடியும். டிஸ்னி டிக்கெட்டில் நாட்கள் கூடக்கூட, கூடுதல் நாளின் விலை இறங்கிக்கொண்டே போகும். முதல் நான்கு நாட்கள்தான் கையைக் கடிக்கும். ஆறாவது நாளையோ ஏழாவது நாளையோ சேர்க்க ஒருவருக்கு ஆகும் தொகை, நாலு பேர் பூங்காவுக்குள் ஒருவேளை சாப்பிடும் செலவைவிடக் குறைவு. ஏழு நாள் டிக்கெட்டைத் தொடக்க நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் பயன்படுத்தலாம். அதிகபட்சமான பத்து நாள் டிக்கெட்டுக்குப் பதினான்கு நாட்கள் அவகாசம். இடையில் மூன்று நான்கு நாட்கள் நீச்சல் குளத்திலோ, கென்னடி விண்வெளி மையத்திலோ, கோக்கோ பீச்சிலோ கழிக்கலாம்.

ஆண்டுக்கு இரண்டு முறை பறந்துபோய் ஐந்தைந்து நாள் இருப்பதைவிட, ஒரே தடவை போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் தங்குவது தொலைவில் இருக்கும் குடும்பத்துக்கு எல்லா வகையிலும் மலிவு. விமானச் செலவு ஒருமுறைதான். வாடகை வீடும் வார வாடகையில் இறங்கும். காரிலேயே போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியோ, வர்ஜீனியாவின் லோர்ட்டனில் காரையும் ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு வரை போகும் ஆம்ட்ராக் ஆட்டோ ட்ரெயினிலோ போய்ச் சேர்ந்துவிட்டு, நான்கே நாளில் திரும்பி வருவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்காதவர்கள் மட்டும்தான் பாஸ் பக்கம் திரும்ப வேண்டும் என்பேன்.

பூங்கா டிக்கெட்டே வேண்டாத நாட்களும் அங்கே உண்டு. அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலின் சனா உணவகத்தில் 'நான்' ரொட்டியும் அப்பளமும் வகைவகையான சட்னிகளும் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்த்தபடி மதியம் சாப்பிடலாம். அதற்கு இடத்தை முன்பதிவு செய்தால் போதும். சைவம் மட்டுமே உண்ணும் பெரியவர்களோடு போகிறவர்கள் இந்த ஓர் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாஸில் இல்லாதவை

லைட்னிங் லேன் எனப்படும் விரைவு வரிசை பாஸில் சேராது. பாஸ்தாரரும் தனியாகப் பணம் கட்டித்தான் வாங்க வேண்டும். மேலும், டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் அதை ஏழு நாள் முன்பே பதிவு செய்யலாம். வெளியில் தங்கும் பாஸ்தாரருக்கு மூன்று நாள் முன்புதான். காலையில் அரை மணி முன்னதாக நுழையும் சலுகையும் ஓட்டலில் தங்குபவர்களுக்கே உரியது. வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், பாஸில் போடும் பணத்தை ஓட்டலில் போடுவது மேல்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நடக்கும் ஹாலோவீன் இரவு விருந்து, அதன் பின் வரும் கிறிஸ்துமஸ் இரவு விருந்து இரண்டுக்கும் தனி டிக்கெட். அந்த நாட்களில் மேஜிக் கிங்டம் மற்றவர்களுக்கு மாலை ஆறு மணிக்கே மூடிவிடும். பாஸ் வைத்திருந்தாலும் வெளியே வர வேண்டியதுதான். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். நீர்ப் பூங்காக்களும் பாஸில் தாமாகச் சேர்வதில்லை. கூடுதல் தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பூங்கா முன்பதிவு விஷயம் தொலைவிலிருந்து வருபவர்களை நேரடியாகத் தொடுகிறது. தேதி குறித்த சாதாரண டிக்கெட்டுக்கு 2024 ஜனவரி முதல் பூங்கா முன்பதிவு தேவையில்லை. ஆனால் பாஸ்தாரர்களுக்குப் பல நாட்களில் இன்னும் தேவை. இன்கிரெடி-பாஸில் ஒரே நேரத்தில் ஐந்து நாட்களுக்குத்தான் பதிவு வைத்திருக்க முடியும். ஒன்று முடிந்தால் அடுத்ததைச் செய்யலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பதிவில்லாமல் நுழையலாம், சனி ஞாயிறுகளில் மேஜிக் கிங்டமுக்கு மட்டும் இது பொருந்தாது. டிஸ்னி ஓட்டலில் தங்கினால் தங்கும் நாட்களுக்கெல்லாம் கூடுதலாகப் பதிவு கிடைக்கும். ஏழு எட்டு நாள் வெளியில் தங்கிப் போகும் பாஸ்தாரர், பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் எல்லா நாளுக்கும் முன்கூட்டியே இடம் உறுதி செய்ய முடியாமல் இருப்பார். பக்கத்தில் நிற்கும் டிக்கெட்தாரருக்கு அந்தக் கவலையே இல்லை.

யுனிவர்சலும் உள்ளூர்ப் பூங்காவும்

பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டிவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. அவர்களுக்கு இளவரசிகளைவிட யுனிவர்சலின் ரோலர் கோஸ்டர்கள் பிடிக்கும். யுனிவர்சல் ஆர்லாண்டோவின் ஆண்டு பாஸ்களை வெளிமாநிலத்தவரும் பல படிநிலைகளில் வாங்கலாம். டிஸ்னியைவிட விலை வெகுவாகக் குறைவு என்பதால், இரண்டு குறும்பயணங்களிலேயே போட்ட பணம் கிடைத்துவிடும். மேல்நிலையான பிரீமியர் பாஸில் மாலை நான்கு மணிக்கு மேல் விரைவு வரிசையும் உண்டு. ஆனால் 2025 மே 22-இல் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்கா அப்போதிருந்த பாஸ்களில் சேர்க்கப்படவில்லை. அதைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் வாங்கும் பாஸில் அது அடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே தடவை போகிறவர்களுக்கு யுனிவர்சலின் போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் ஓட்டல்களில் தங்குவது நல்ல தேர்வு. அறையோடு யுனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் இரண்டுக்கும் விரைவு வரிசை சேர்ந்தே வரும்.

ஆண்டு முழுதும் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பதே பிள்ளைகளின் ஆசை என்றால், அதற்கு ஆர்லாண்டோ வேண்டியதில்லை. எங்களுக்கு ஜாக்சனில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர், இரண்டரை மணி நேரத் தொலைவில் ஹெர்ஷிபார்க். சார்லட்காரர்களுக்குக் கேரோவிண்ட்ஸ். இவற்றின் பருவப் பாஸ் டிஸ்னி பாஸின் சிறு பகுதி விலைதான். சனிக்கிழமை மதியம் கிளம்பிப் போய் இரவே வீடு திரும்பலாம். அங்கே பாஸ் அதன் வேலையைச் செய்கிறது.

தாத்தா பாட்டி வருகையும் விசா நிலையும்

ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்கும் ஆண்டில் பாஸ் ஆசை அதிகமாகிறது. 'அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போகலாமே' என்று தோன்றும். அவர்கள் ஒருமுறை போவார்கள். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்த வெயிலில் நடக்க மாட்டார்கள். இரண்டு அல்லது மூன்று நாள் டிக்கெட்டே அவர்களுக்குப் போதும். அனிமல் கிங்டமில் ஆனந்தபூர் என்ற கற்பனை ஊரையும் அங்குள்ள புலிகளையும் காட்டுங்கள், எப்காட்டில் ஏரிக்கரையில் உட்கார வையுங்கள். அதிலேயே அவர்கள் நிறைந்துபோவார்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வேலை இழந்தால், வேறு வேலை தேடவோ மாற்று ஏற்பாடு செய்யவோ கிடைப்பது அதிகபட்சம் அறுபது நாட்கள். அந்த நேரத்தில் ஏழாயிரம் டாலர் திரும்பப் பெறவோ பிறருக்கு மாற்றவோ முடியாத பாஸில் முடங்கியிருப்பது பெரிய வலி. நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடும் ஆண்டில் டிக்கெட் மட்டும் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாஸ் பக்கம் மனம் சாய்பவர்கள் அதை முதலிலேயே வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாதாரணப் பல நாள் டிக்கெட்டோடு முதல் பயணத்தைத் தொடங்குங்கள். அது காலாவதியாகும் முன், பூங்கா வாசலில் உள்ள கெஸ்ட் ரிலேஷன்ஸ் கவுன்ட்டரில் டிக்கெட்டின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைக் கட்டிப் பாஸாக மாற்றலாம். முதல் பயணம் குடும்பத்துக்கு எப்படி இருந்தது என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு அது. பாஸ் விற்பனை எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் நிறுத்தப்பட்ட இன்கிரெடி-பாஸ் விற்பனை 2023 ஏப்ரல் வரை திறக்கவில்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் விற்பனை நடக்கிறதா என்று பாருங்கள். மாற்றும்போது பாஸின் ஆண்டு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதைக் கவுன்ட்டரிலேயே கேட்டு, அந்தத் தேதிக்குள் உங்கள் இரண்டாவது பயணம் முழுதாக அடங்குகிறதா என்று காலண்டரை வைத்துச் சரிபார்த்துவிட்டு அட்டையை நீட்டுங்கள்.